17-ஆம் நம்பர் அப்பாவாகிட்டார்: சனிக்கிழமை மேட்ச்சில் எப்படி வாழ்த்தலாம்?

#1 மூலைக்கொடி

கிளப் இன்னைக்குக் காலையில அதிகாரப்பூர்வமா போட்டுட்டாங்க. நம்ம கால்பந்து அணியோட 17-ஆம் நம்பர் ஜெர்சி வீரருக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். குழந்தையின் பெயர் சொல்லல, படமும் போடல. அடுத்த சொந்த மைதான ஆட்டம் சனிக்கிழமை. கையில எட்டு நாள் இருக்கு.

இதுவரை வந்த யோசனைகள்: பெரிய பேனர், 17-ஆவது நிமிடத்தில் கைதட்டல், பிங்க் பலூன், குழந்தைக்கு ஜெர்சி. எது நடக்கும், எது சொதப்பும்? விஷயம் தெரிஞ்சவங்க மட்டும் விவரமா எழுதுங்க. "செம ஐடியா" கமெண்ட்டுக்கு வேற இழை இருக்கு.

#2 நடுவரிசை

பலூனை இப்பவே வெட்டிடுங்க. 2009 அக்டோபர் 17, சண்டர்லேண்ட் – லிவர்பூல் ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் பக்கமிருந்து உள்ளே வந்த பீச் பந்து மேல சண்டர்லேண்ட் வீரர் டேரன் பென்ட் அடிச்ச ஷாட் பட்டுத் திரும்பி கோலாச்சு. ஆட்டம் 1-0ன்னே முடிஞ்சது. விதிப்படி அது வெளிப்பொருள் குறுக்கீடு, ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் (நடுவர் பந்தைக் கீழ போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குறது) கொடுத்திருக்கணும். கொடுக்கல. பலூன் அதைவிட லேசு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் போகும். நம்ம கோல்கீப்பர் முன்னாடி ஒரு பிங்க் பலூன் உருண்டா வாழ்த்தா இருக்காது.

கலர் புகையும் வேண்டாம். அது பட்டாசு வகையில சேரும், அபராதம் கிளப் தலையில விழும்.

#3 பதினொன்னு

கோல் போட்டுத் தொட்டில் ஆட்டுறது எங்கிருந்து வந்ததுன்னு புதுசா வந்தவங்களுக்காக. 1994 உலகக் கோப்பை காலிறுதி, ஜூலை 9, டல்லாஸ், பிரேசில் – நெதர்லாந்து. பிரேசில் வீரர் பெபெட்டோவுக்கு ஜூலை 7-ல மகன் மத்தேயுஸ் பிறந்திருந்தான். 63-ஆவது நிமிடத்தில் கோல் போட்டதும் எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடி ரெண்டு கையையும் சேர்த்துத் தாலாட்டினார். சக வீரர்கள் ஒரு பக்கம் மசீன்யோ, இன்னொரு பக்கம் ரொமாரியோ வந்து சேர்ந்தாங்க. மசீன்யோ வேற யாரும் இல்ல, ஸ்பெயின் அணிக்கு ஆடின தியாகோ அல்கந்தாராவோட அப்பா. பிரேசில் 3-2ன்னு ஜெயிச்சது. தாலாட்டப்பட்ட மத்தேயுஸும் பின்னாடி பிரேசில் கிளப் ஃபிளமெங்கோவுக்கு ஆடினார்.

பந்தை ஜெர்சிக்குள்ள திணிச்சுக்கிறது வேற அடையாளம். அது குழந்தை வரப்போகுதுன்னு சொல்றது, வந்தாச்சுன்னு இல்ல. மெஸ்ஸி 2012 ஜூன் 2-ல எக்வடோருக்கு எதிரா செஞ்சார், அவர் மகன் தியாகோ பிறந்தது நவம்பர் 2. நம்ம சுனில் சேத்ரி 2023 ஜூன் 12-ல புவனேஸ்வரத்தில் வனுவாட்டுக்கு எதிரா 81-ஆவது நிமிட கோலுக்குப் பிறகு செஞ்சார், ஆகஸ்ட் கடைசியில மகன் பிறந்தான். அதனால சனிக்கிழமை ஸ்டாண்ட்ல எல்லாரும் சட்டைக்குள்ள எதையாவது திணிச்சுக்கிட்டு நின்னா, இன்னொண்ணு வரப்போகுதுன்னு அர்த்தமாயிடும்.

#4 ஆஃப்சைடு_அண்ணாச்சி

மூணு நாள் தூங்காத மனுஷன்கிட்ட அந்தச் செய்தியச் சொன்னா நேரா டிரான்ஸ்ஃபர் கேட்டுடுவார்.

பந்தைச் சட்டைக்குள்ள வெச்சா மஞ்சள் அட்டைன்னு கேள்விப்பட்டேனே?

#5 வார்_ரூம்

இல்ல அண்ணாச்சி. ரெண்டு விதி இருக்கு, ரெண்டையும் எல்லாரும் குழப்பிக்கிறாங்க.

விதி 12: கோல் கொண்டாட்டத்தில் சட்டையைக் கழற்றினா, இல்ல சட்டையால தலையை மூடினா மஞ்சள். முகமூடி மாட்டினாலும், வேலி மேல ஏறினாலும், பாதுகாப்புக்குப் பிரச்சினை வர்ற மாதிரி ரசிகர் கூட்டத்துக்கிட்டப் போனாலும் மஞ்சள்தான். கோல் பிறகு ரத்தானாலும் அட்டை ரத்தாகாது. மைதானத்தை விட்டு வெளியே ஓடுறது மட்டும் தனிக் குற்றம் இல்ல, ஆனா சீக்கிரம் திரும்பணும். பந்தைச் சட்டைக்குள்ள வைக்கிறது இந்தப் பட்டியல்லயே கிடையாது. நேரம் கடத்தினா மட்டும் நடுவர் கேட்பார்.

விதி 4: உள் பனியன்ல வாசகமோ படமோ காட்டக் கூடாது. 2014 ஜூன்ல இருந்து எந்த வாசகமும் ஆகாது, அது அரசியலா அன்பாங்கிற பேச்சே இல்ல. "மகளே வருக"ன்னு எழுதியிருந்தாலும் குற்றம்தான். இதுக்குத் தண்டனை மைதானத்துல வராது, போட்டியை நடத்துற அமைப்பு பிறகு வீரருக்கோ அணிக்கோ கொடுக்கும். சட்டையைக் கழற்றியும் காட்டினா மஞ்சளும் சேரும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, பக்கத்து இழையில யாரோ பனியன் அச்சடிச்சு அவர்கிட்டக் கொடுத்து "கோல் போட்டா காட்டச் சொல்லலாம்"னு எழுதியிருக்காங்க. ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்து, சட்டையைக் கழற்றிக் காட்டினா மனுஷன் வெளியே போயிடுவார். நாம கொடுக்கிற பரிசு சிவப்பு அட்டையா இருக்க வேண்டாம்.

#6 மூலைக்கொடி

பலூன், புகை, பனியன் மூணும் போச்சு. 17-ஆவது நிமிடக் கைதட்டல்?

#7 நடுவரிசை

எனக்கு அதுல உடன்பாடில்ல. ஜெர்சி நம்பர் நிமிடத்தில் எழுந்து கைதட்டுறது பெரும்பாலும் துக்கத்துக்கு, இல்லன்னா நோயில இருக்கிறவருக்கு ஆதரவா செய்யறதுன்னு ஆகிப்போச்சு. 2022 ஏப்ரல் 18-ல ரொனால்டோ தன் இரட்டைக் குழந்தைகள்ல ஆண் குழந்தை இறந்துட்டதா அறிவிச்சார், பெண் குழந்தை பிழைச்சது. மறுநாள் லிவர்பூலோட மைதானமான ஆன்ஃபீல்ட்ல அவரோட மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆட்டம், 7-ஆம் நம்பர்காரரான அவர் ஆடல. ஏழாவது நிமிடத்தில் லிவர்பூல் ரசிகர்களும் சேர்ந்து ஒரு நிமிஷம் முழுசா கைதட்டினாங்க. எதிரணி மைதானத்துல, அந்தப் பகைக்கு நடுவுல. உலகமே பார்த்தது அது. இப்ப 17-ல திடீர்னு கைதட்டினா, டிவியில பார்க்கிறவன் முதல்ல "என்னாச்சு, யாருக்கு என்ன?"ன்னுதான் பதறுவான்.

#8 பதினொன்னு

அதுல நடைமுறைச் சிக்கலும் இருக்கு. ஸ்கோர்போர்டு 16:00 காட்டும்போதே 17-ஆவது நிமிடம் தொடங்கிடுது. பாதிப் பேர் அப்பத் தட்டுவாங்க, மீதிப் பேர் 17:00 வந்ததும் தட்டுவாங்க, ரெண்டும் நமுத்துப் போகும். செய்யறதா இருந்தா "கடிகாரத்தில் 17:00 வந்ததும்"னு துண்டுச்சீட்டுல தெளிவாப் போடணும். அந்த நேரம் நமக்கு எதிரா கார்னர் நடந்துக்கிட்டிருந்தா அதுவும் வீண்.

அதைவிட நல்ல இடம் ஒண்ணு இருக்கு. ஆட்டத்துக்கு முன்னாடி வரிசையா பெயர் வாசிக்கும்போது அவர் பெயர் வந்ததும் ஸ்டாண்ட் முழுக்க தொட்டில் ஆட்டுறது. பத்து விநாடி. பந்து ஓடல, யாருக்கும் இடைஞ்சல் இல்ல, கோல் விழணும்னு கட்டாயமும் இல்ல. இது துக்கமோன்னு யாரும் சந்தேகப்படவும் முடியாது.

#9 மூலைக்கொடி

இது பிடிச்சிருக்கு. அவர் பெஞ்சில இருந்தா? இல்ல அணியிலயே இல்லன்னா?

#10 வார்_ரூம்

அணியில இல்லாமப் போக வாய்ப்பு உண்டு, அதையும் சேர்த்தே திட்டமிடுங்க. சேத்ரி 2023 செப்டம்பர்ல தாய்லாந்து கிங்ஸ் கோப்பைக்குப் போகல, காரணம் குழந்தை பிறப்பு. 2018 உலகக் கோப்பை நடுவுலயே இங்கிலாந்தோட ஃபேபியன் டெல்ஃப் மகள் பிறக்க ஊருக்குப் போனார், ஜூலை 3 கொலம்பியா ஆட்டத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தார். அப்போதைய பயிற்சியாளர் சவுத்கேட் அதைப் பிரச்சினையாக்கல.

2021 ஜனவரியில இருந்து ஃபிஃபா கட்டாயமாக்கின குறைந்தது 14 வார விடுப்பு பிரசவிக்கிற வீராங்கனைகளுக்கு. அப்பாக்களுக்கு ஒப்பந்தம், அந்தந்த நாட்டுச் சட்டம், பயிற்சியாளர் மனசு இதை வெச்சுத்தான் நடக்கும். அதனால "சனிக்கிழமை கட்டாயம் ஆடணும், மகளுக்காக ஒரு கோல்"னு கமெண்ட்ல எழுதுறவங்க கொஞ்சம் கையைக் கட்டிக்கோங்க. அதுக்குப் பேரு வாழ்த்து இல்ல, வசூல்.

#11 தொட்டில்பாட்டு

கமெண்ட் பத்தி வந்ததால இதையும் சொல்லிடறேன். அவர் பதிவுக்குக் கீழ மட்டும் எழுதுங்க. மனைவியின் கணக்கை டேக் பண்ணாதீங்க, பிரசவமான முதல் வாரத்துல அந்த போன் ஓயாம அடிக்கிறது யாருக்கும் நல்லதில்ல. எந்த ஆஸ்பத்திரின்னு யூகிச்சு எழுதக் கூடாது. குழந்தை பெயர்னு ஒண்ணு சுத்துது, கிளப் சொல்லாத வரைக்கும் அது பெயரில்ல. தோத்துப்போன ஆட்டத்துக்குக் கீழ வாழ்த்து, பிறப்புப் பதிவுக்குக் கீழ தற்காப்பு விமர்சனம்னு மாத்தி எழுதாதீங்க.

2017 டிசம்பர்ல மான்செஸ்டர் சிட்டி வீரர் டேவிட் சில்வா ஆட்டங்களைத் தவறவிட்டப்ப ஆளாளுக்கு ஊகம் எழுதினாங்க. சக வீரர் டி பிரைய்ன கோல் போட்டு விரல்ல 2, 1ன்னு காட்டினப்ப அது சில்வாவோட 21-ஆம் நம்பருக்குன்னு புரிஞ்சது, ஏன்னு புரியல. ஜனவரியில அவரே சொன்னார், மகன் மத்தேயோ ரொம்பக் குறைமாதத்துல பிறந்து போராடிக்கிட்டிருக்கான்னு. அதுவரைக்கும் எழுதின ஊகத்தை எல்லாம் நினைச்சுப் பாருங்க. "தாயும் சேயும் நலம்"ங்கிற வரி வர்ற வரைக்கும் வாழ்த்தைக் கையிலேயே வெச்சிருக்கணும். நமக்கு அது வந்தாச்சு.

#12 ஆஃப்சைடு_அண்ணாச்சி

சரி, பேனருக்கு வாங்கப்பா. கித்தான் எங்க போனார்?

#13 கித்தான்

வந்துட்டேன். முதல்ல வாசகத்தை முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம்தான் துணி.

#14 மூலைக்கொடி

அவர் தாய்மொழி ஸ்பானிஷ். "ஃபெலிசிதாதெஸ், பப்பா"ன்னு யோசிக்கிறோம். வாழ்த்துகள் அப்பான்னு அர்த்தம்.

#15 காஸ்டெல்லானோ

நல்ல தேர்வு. ஆனா கடைசி எழுத்து மேல சாய்ந்த கோடு கட்டாயம் வேணும். ஸ்பானிஷ்ல கடைசி அசையை அழுத்திச் சொன்னாத்தான் அப்பா. கோடு இல்லாம எழுதினா அழுத்தம் முதல் அசைக்குப் போயிடும், லத்தீன் அமெரிக்காவில அது உருளைக்கிழங்கு. போப்பாண்டவருக்கும் அதே சொல்தான். "வாழ்த்துகள் உருளைக்கிழங்கு"ன்னு பெரிய பேனர்ல எழுதித் தொங்கவிடலாம், ஆனா அடுத்த வருஷம் வரைக்கும் மீம் ஓடும்.

பெரிய எழுத்துன்னா கோடு தேவையில்லைன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. தப்பு. ஸ்பானிய மொழி அகாடமி விதிப்படி பெரிய எழுத்துக்கும் குறி உண்டு.

போர்ச்சுகீஸ்லயும் இதே வம்பு இருக்கு. வேற வீரருக்குச் செய்யறவங்க குறிச்சுக்கோங்க: வாழ்த்து "பரபேன்ஸ்". அப்பாவுக்கு பிரேசில்காரர்னா "பபாய்". போர்ச்சுகல்காரர்னா கடைசியில அழுத்துற "பபா", அதுல குறி விட்டுப்போனா அங்கயும் போப்தான்.

#16 கித்தான்

இப்ப கணக்கு. எதிர் ஸ்டாண்ட், கேமரா, நடு மைதானம் எல்லாம் கணக்கில எடுத்தா சுமார் 90 மீட்டர்ல இருந்து படிக்கணும். வசதியாப் படிக்க 3 மீட்டருக்கு 2.5 செ.மீ. எழுத்து உயரம்னு விளம்பரப் பலகைக்காரங்க கணக்கு. அப்ப 75 செ.மீ.

15 செ.மீ. கட்டம் போடுங்க. எழுத்து 5 கட்டம் உயரம், 3 கட்டம் அகலம், கோட்டுத் தடிமன் 1 கட்டம், எழுத்துக்கு நடுவுல 1 கட்டம் இடைவெளி. அப்ப ஒரு எழுத்துக்கு 60 செ.மீ. முதல் வரியில 11 எழுத்து, 6.6 மீட்டர். ரெண்டு பக்கமும் ஓரம் விட்டு நீளம் 7.5 மீட்டர். ஒரே வரியில எழுதினா 10 மீட்டர் தாண்டிடும், பிடிக்க ஆள் பத்தாது. அதனால ரெண்டு வரி.

உயரம் மேல இருந்து கீழ: 20 ஓரம், 75 முதல் வரி, 40 இடைவெளி, 75 ரெண்டாம் வரி, 15 ஓரம். மொத்தம் 225 செ.மீ. நடுவுல 40 விட்டது காஸ்டெல்லானோ சொன்ன அந்தக் கோட்டுக்காக. வழக்கமா எல்லாரும் 20 விடுவாங்க, கடைசியில குறிக்கு இடமில்லாம மேல் வரி எழுத்தோட ஒட்டவெச்சு அசிங்கமாயிடும்.

துணி 1.2 மீட்டர் அகலத்துல 15 மீட்டர் வாங்கி ரெண்டா வெட்டுங்க. நடுத் தையலுக்கும் ஓர மடிப்புக்கும் போக ஒவ்வொண்ணும் 1.125 மீட்டர் நிக்கும். தையல் ரெண்டு வரிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில விழும், எழுத்து மேல ஏறாது. கோட்டுக் குறி மட்டும் தையலைத் தாண்டும், பரவாயில்ல.

கொடித்துணி பாலியஸ்டர் எடுங்க. சதுர மீட்டருக்கு 110 கிராம்னா மொத்தமே ரெண்டு கிலோவுக்குள்ள. காட்டன்ல பெயின்ட் நல்லாப் பிடிக்கும், ஆனா மழையில நனைஞ்சா தூக்க முடியாது. தீ எளிதில் பிடிக்காத துணின்னு சான்றிதழோட வாங்குங்க. நிறைய மைதானங்கள்ல வாசல்லயே கேட்பாங்க. வாங்கின பிறகு தேடினா கிடைக்காது.

#17 மூலைக்கொடி

பெயின்ட் எவ்வளவு?

#18 கித்தான்

ஒரு எழுத்துல 15 கட்டத்துல சராசரி பத்து, பதினொண்ணு நிரம்பும். அதாவது கிட்டத்தட்ட 0.24 சதுர மீட்டர். 15 எழுத்துக்கு மூணரை, ரெண்டு பூச்சுக்கு ஏழு. துணி குடிக்கும், லிட்டருக்கு 5 சதுர மீட்டர்னு வெச்சா ஒண்ணரை லிட்டர்கிட்ட வரும். 2 லிட்டர் வாட்டர் பேஸ்டு எமல்ஷன் போதும். முதல் பூச்சுக்குப் பத்துல ஒரு பங்கு தண்ணி கலக்கலாம், அதுக்கு மேல கலந்தா ஓரம் கசியும். ஆயில் பெயின்ட் வேண்டாம், எரியும், மடிச்சா விரிசல் விடும், வாடை வேற. பின்னணிக்குப் பெயின்ட் அடிக்காதீங்க. கலர் துணியே வாங்குங்க.

அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிங்க, இல்லன்னா தரையோட ஒட்டும். கையால தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். ஒரு நாள் முழுசா விட்டுட்டுச் சுத்துங்க. அவசரப்பட்டு மடிச்சு வெச்சா மைதானத்துல பிரிக்கும்போது எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உரிஞ்சு வரும். காஞ்சதும் முகப் பவுடரை லேசாத் தூவினா ஒட்டாது.

இப்ப யாரும் யோசிக்காத விஷயம், காத்து. விநாடிக்கு 10 மீட்டர் காத்து, அதாவது மணிக்கு 36 கி.மீ., சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ தள்ளும். நம்ம பேனர் 17 சதுர மீட்டர், ஆக 100 கிலோ. காத்து விநாடிக்கு 15 மீட்டரானா அது 230. வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதுதான் பிரச்சினை. "ஓட்டை போட்டா காத்து போயிடும்"னு சொல்வாங்க. நாலு ஓட்டையால ஒண்ணும் ஆகாது, துணிதான் அங்கிருந்து கிழியும்.

மேல் ஓரத்துல நாடாப் பட்டை வெச்சு மடிச்சுத் தைச்சு, 50 செ.மீ.க்கு ஒண்ணா 16 கண்வளையம் அடிங்க. கீழ் ஓரத்தையும் கட்டணும், இல்லன்னா மேல சுருண்டு எழுத்து மறையும். கம்பு எதுக்கும் அனுமதி இருக்காதுன்னு வெச்சுக்கிட்டே திட்டமிடுங்க.

#19 நடுவரிசை

கைப்பிடிச் சுவர்ல கட்டறதா இருந்தா மூணு விஷயம்: படிக்கட்டு வழி, அவசர வாசல், விளம்பரப் பலகை. மூணுல ஒண்ணை மறைச்சாலும் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே இறக்கிடுவாங்க.

அனுமதிக்கு கிளப்போட ரசிகர் தொடர்பு அலுவலருக்கு எழுதுங்க. யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) உரிம விதியில 2012-13ல இருந்தே அப்படி ஒருத்தர் இருக்கணும், மத்த இடங்கள்லயும் அந்த வேலையை யாராவது பார்ப்பாங்க. கடிதத்துல அளவு, துணிச் சான்றிதழ், வாசகம், அதோட மொழிபெயர்ப்பு, எந்தப் பகுதியில கட்டுறோம், எப்பக் கட்டி எப்ப அவிழ்ப்போம், பொறுப்பாளர் யார்னு எல்லாம் இருக்கணும். வேற மொழி வாசகத்துக்கு மொழிபெயர்ப்பு கொடுக்கலைன்னா பயத்துலயே மறுத்துடுவாங்க.

#20 மூலைக்கொடி

இன்னைக்கே அனுப்பறேன். ஜெர்சி விஷயம் மிச்சம். "அப்பா 17" முதுகுல போட்டுக் குட்டி ஜெர்சி ஒண்ணு?

#21 தொட்டில்பாட்டு

அளவுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. பிறந்த குழந்தை அளவு 50-56 செ.மீ., அது கைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பத்தாமப் போயிடும். வாழ்த்து வர்றவங்க எல்லாரும் அதையேதான் கொடுப்பாங்க. 6-9 மாத அளவு, 68-74 செ.மீ. எடுங்க. மைதானத்துக்குத் தூக்கிட்டு வர்ற வயசு அதுதான்.

கழுத்துல கயிறு, முடிச்சு, ஒட்டுமணி எதுவும் கூடாது. பட்டன் உறுதியா இருக்கணும். உள்பக்கம் நூல் தொங்கினா வெட்டுங்க, விரல்ல சுத்தி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும். பின்னல் காலணி செய்யறவங்களுக்கும் இதேதான், பந்து மாதிரி குஞ்சம் வைக்காதீங்க, வாயில போகும். பெரிய நம்பர் அச்சு முதுகுல மொடமொடன்னு நிற்கும், படுத்தே கிடக்கிற குழந்தைக்கு உறுத்தும். சின்னதா நெஞ்சுப் பக்கம் போடுங்க. பாலியஸ்டர்ல சூட்டு அச்சு போட்டா 130 டிகிரி பக்கம் நிறுத்தணும், காட்டன் மாதிரி 150-க்கு ஏத்தினா துணிச் சாயம் மேல ஏறி வெள்ளை நம்பர்ல நிறம் பிடிச்சிடும்.

கிளப் சின்னம் போட்ட தலையணை, போர்வை, பெரிய பொம்மை வாங்கற யோசனை இருந்தா விடுங்க. முதல் வருஷம் தூங்கற இடத்துல அதெல்லாம் இருக்கக் கூடாதுன்னுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்றாங்க.

#22 நடுவரிசை

ஒரே ஒரு ஜெர்சி, எல்லார் சார்பிலும். ஆளுக்கு ஒண்ணு அனுப்பினா பயிற்சி மைதான வாசல்ல குவியும், யார் அனுப்பினதுன்னு தெரியாத பார்சலைப் பாதுகாவலர் உள்ள விட மாட்டார். சாப்பாட்டுப் பொருள் சுத்தமா வேண்டாம்.

மிச்சக் கைகளுக்கு வேலை வேணும்னா ஸ்பெயின் கிளப் ரியல் பெட்டிஸ்காரங்க செய்யறதைப் பாருங்க. டிசம்பர்ல இடைவேளை நேரத்துல ரசிகர்கள் துணிப் பொம்மைகளை மைதானத்துக்குள்ள எறிவாங்க, அதெல்லாம் வசதியில்லாத குழந்தைகளுக்குப் போகும். 2023 பிப்ரவரி 26-ல துருக்கி கிளப் பெஷிக்டாஷ் ரசிகர்கள் பூகம்பத்துல பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக எறிஞ்சது ஆட்டத்துக்கு நடுவுல, 4 நிமிடம் 17 விநாடியில. நிலநடுக்கம் வந்த நேரம் 4:17. ரெண்டுலயும் கிளப்போட ஏற்பாடு இருந்தது. நாம எட்டு நாள்ல எறியற அளவுக்குப் போக வேண்டாம், வாசல்ல ஒரு பெட்டி வெச்சு வாங்கிக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்தா போதும். பேட்டரி வெச்ச பொம்மை வேண்டாம்.

#23 பதினொன்னு

தொட்டில் ஆட்டத்துக்கு ஒரு திருத்தம். கையை நெஞ்சுக்கு நேரா வெச்சா தூரத்துல இருந்து ஒண்ணும் தெரியாது, கைகட்டி நிக்கிற மாதிரி இருக்கும். தலைக்கு மேல தூக்கி ஸ்கார்ஃபை ரெண்டு கையில நீட்டிப் பிடிச்சு இடம் வலமா ஆட்டணும். எல்லாரும் முதல்ல தன்னோட இடப்பக்கம். இதைச் சீட்டுல போடுங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கறவன் முழங்கை மூக்குல இடிக்கும்.

#24 மூலைக்கொடி

புதன் நிலவரம். பேனருக்கு அனுமதி கிடைச்சது, 7.5க்கு 2.25 அளவுக்கு. நிபந்தனை: வீரர்கள் உள்ளே வர்றதுக்கு முன்னாடி ஏத்தி, ஆட்டம் தொடங்கினதும் இறக்கிடணும். ஜெர்சியை அலுவலரே நம்மகிட்ட வாங்கி அவர்கிட்டச் சேர்க்கறார், படம் எடுக்கறது கிடையாது. 17-ஆவது நிமிடக் கைதட்டல் கைவிடப்பட்டது. அவர் அணியில இல்லன்னா பேனர் அடுத்த சொந்த ஆட்டத்துக்குப் போகும், அதனால தேதி எதுவும் எழுதல. ரெண்டாவது பூச்சு இன்னைக்கு ராத்திரி.

#25 கித்தான்

எழுத்துப் பக்கம் வெளியே தெரியற மாதிரிச் சுத்துங்க, உள்பக்கமாச் சுத்தினா பெயின்ட்ல மடிப்புக் கீறல் விழும். பின்பக்க இடது மேல் மூலையில மார்க்கர்ல "மேல்"னு எழுதுங்க. அவசரத்துல தலைகீழாப் பிரிக்கிறது சகஜம்.

#26 காஸ்டெல்லானோ

அந்தக் கோடு?

#27 மூலைக்கொடி

போட்டாச்சு. முதல்ல அதைத்தான் போட்டோம்.